மிலென்கோ படிக்காமல் விட்டது

மிலென்கோ ரஞ்ஜெலோவிச்சை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் நீஷ் நகரத்தில் அந்தக் குடும்பப் பெயரோடு ஒரு தெரு நிறைய ஆட்கள் இருப்பார்கள். நான் சொல்வது, பழைய ரேடியோ தொழிற்சாலையின் மேல்மாடியில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் மிலென்கோவை. எதிர் மேசை என்னுடையது. அவன் புரோகிராம் எழுதுவான், நான் அதில் ஓட்டை தேடுவேன். அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்று என் அம்மாவிடம் சொன்னபோது, இத்தனை நாள் அதை இலவசமாகத்தானே செய்துகொண்டிருந்தாய் என்றாள்.

எங்கள் கம்பெனிக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர்தான். ஆஸ்திரியாவில், கிராட்ஸ் நகரத்தில், நோயாளிகளை வேனில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மறுபடி வீட்டில் விடும் நிறுவனம். எந்த வேன் எந்த வீட்டு வாசலுக்கு எப்போது போக வேண்டும் என்று டிரைவரின் போனுக்குச் சொல்வது நாங்கள் செய்த மென்பொருள். அதில் பாதிக்கு மேல் மிலென்கோவின் கைவேலை. அந்தக் காலத்தில் அவன் சும்மா வேலை செய்ய மாட்டான். திரையைப் பார்த்துத் திட்டுவான். ஒரு கையில் புரெக் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டச்சு செய்து, விசைப்பலகை முழுவதும் எண்ணெயாக்குவான். அவன் எழுதியதில் நான் ஒரு தப்பைக் காட்டினால் முதலில் என்னிடம் சண்டைக்கு வருவான், பிறகு போய் சரிசெய்வான், சாயங்காலம் எனக்கு ஒரு காப்பி வாங்கித் தருவான். பத்து நாள் பேசாமல் இருந்ததும் உண்டு. எனக்கு அவனைப் பிடிக்கும். சண்டை போடுகிறவனுக்கு அந்த வேலை மேல் ஆசை இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'வீட்டோட மாப்பிள்ளை'. கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டான், எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறான், வீட்டுக்காரர்களைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வைத்துவிட்டான் என்று மதியச் சாப்பாட்டில் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு ஒரு வசந்த காலம் வரைக்கும் ஓடியது. அதன் பிறகு யாரும் எதையும் எழுதவில்லை. மாப்பிள்ளை எழுதுவான். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று அழகாக, பணிவாக ஒரு குறிப்பும் வைப்பான். நாங்கள் பார்த்து, 'சரி' என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் அது கிராட்ஸில் ஓடும் வேன்களுக்குப் போய்ச் சேரும்.

அழுத்துவது ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். அதுதான் வேலை. காலையில் வந்தால் திரையில் வரிசையாகக் காத்திருக்கும். ஒன்றை முடிப்பதற்குள் மூன்று வந்து நிற்கும். யார் எவ்வளவு அழுத்தினார்கள் என்று சுவரில் ஒரு திரை காட்டியது. அதைப் பொருத்தியவன் எங்கள் மேலாளன் உரோஷ். வயதில் எங்களைவிடச் சின்னவன், மரியாதை தெரிந்தவன், எல்லோரையும் அண்ணே அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். எனக்குக் கெட்டவர்களோடு பழக வரும், பயந்தவர்களோடு பழகுவதுதான் கஷ்டம்.

கோடை முடியும்போது உரோஷ் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். புது வருடத்திலிருந்து கிராட்ஸ்காரர்கள் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பணம் தருவார்கள். மாப்பிள்ளையை மேற்பார்வை பார்க்க ஒரு ஆள் போதுமாம். ஐந்து நாற்காலியில் நான்கு போய்விடும். யார் அந்த ஒரு ஆள் என்பதை கிராட்ஸில் இருக்கும் லைட்னர் முடிவு செய்வார். லைட்னர் அந்த வேன் நிறுவனத்தின் தலைவர். நல்லவர் என்று கேள்வி, ஆனால் யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் எங்களுக்கு மன ஆறுதலாகவோ என்னவோ, தலைநகர் பெல்கிரேடிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். காலாவதி ஆகாமல் இருப்பது எப்படி என்று நாள் முழுக்கப் பேசினார். தயிர் டப்பா மாதிரி எங்களுக்கும் தேதி குத்தியிருக்கிறதா என்று நான் கேட்டேன். அவர் அதையும் ஒரு நல்ல கேள்வி என்று எழுதிக்கொண்டார். மாப்பிள்ளையிடம் எப்படிக் கேள்வி கேட்பது, புதுசு புதுசாக எப்படிக் கற்பது, வாடிக்கையாளரின் தொழிலை எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்லிக்கொண்டே போனார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீச்சல் தெரியாதவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று பாடம் எடுத்தால் காதில் ஏறுமா. மற்ற மூவரும் மறுநாளே சான்றிதழ் படிப்புகளில் சேர்ந்தார்கள். நான் என் பழைய ஜெர்மன் மொழியைத் தூசி தட்டினேன். சின்ன வயதில் நான் கிராட்ஸில் வளர்ந்தவள். அப்பா அங்கே கட்டட வேலை, அம்மா ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. அந்த ஒரு நாற்காலி எனக்கு வேண்டும் என்று வெளிப்படையாகவே ஆசைப்பட்டேன்.

மிலென்கோ ஒன்றும் செய்யவில்லை. பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினான். மறுநாள் வந்து பச்சைப் பொத்தானை அழுத்தினான். அதற்கு மறுநாளும் அழுத்தினான். திட்டுவதை நிறுத்தியிருந்தான். மேசை சுத்தமாக இருந்தது. அவன் சரி என்று விட்டதில் நான் ஒரு தப்பைக் காட்டினால், "ஓ, அப்படியா, திருப்பி அனுப்பிடு" என்பான். அவ்வளவுதான். எனக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சுவரில் இருந்த திரையில் அவன் பெயர்தான் எப்போதும் முதலில் நின்றது.

அவன் மனைவி வெரிட்சா பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். என்னோடு பள்ளியில் படித்தவள். ஒரு நாள் சந்தையில் பார்த்தபோது, வீட்டிலும் இப்படித்தான் என்றாள். சாப்பாட்டில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாளாம், ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தானாம். "எங்க டாக்டர் ஊசி போட்டு விட்டா வாய் மரத்துப் போகும்ல, ரெண்டு மணி நேரத்துல சரியாயிடும். இவருக்கு மனசுல யாரோ அந்த ஊசியைப் போட்டுட்டாங்க" என்று சொல்லி, ஆப்பிள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நவம்பர் வந்தது. நவம்பர் நடுவில் மிலென்கோ வீட்டில் ஸ்லாவா. குடும்பத்துக்கென்று இருக்கும் புனிதரின் நாள். அவர்கள் வீட்டுக்கு மருத்துவப் புனிதர்கள் இருவர். ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள், வந்தவர்களை வீடு ஏற்றுக்கொள்ளும். வீட்டுத் தலைவன் அன்று உட்காரக் கூடாது. கடைசி விருந்தாளி போகும்வரை நின்றபடியே பரிமாற வேண்டும். நாங்கள் ஆபீஸ்காரர்கள் வருடா வருடம் மதியம் போவோம். அந்த வருடம் போவதா வேண்டாமா என்று ஆளுக்கு ஆள் யோசித்தோம். ஒரே நாற்காலிக்குக் காத்திருக்கும் ஐந்து பேர் ஒரே மேசையில் சாப்பிடுவது லேசான காரியமில்லை. கடைசியில் எல்லோருமே போனோம். உரோஷும் ஒரு வைன் பாட்டிலோடு வந்தான்.

மிலென்கோ வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றான். ஒவ்வொருவருக்கும் சர்க்கரையும் வால்நட்டும் கலந்து வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி நீட்டினான், கன்னத்தில் மும்முறை முத்தம் கொடுத்தான், உள்ளே போகச் சொன்னான். அத்தனையும் முறைப்படி. ஆனால் பச்சைப் பொத்தானை அழுத்துவது போலத்தான் அதையும் செய்தான் என்று எனக்குத் தோன்றியது.

மேசையில் அவனுடைய சித்தப்பா ராடோமிர் பிளம் சாராயத்தோடு முன்னமே குடியேறியிருந்தார். ஓய்வுபெற்ற ரயில்வே ஆள். முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறியை வாயில் போட்டுக்கொண்டே மகனே என்று ஆரம்பித்தார். "டேய் மகனே, உன் வேலையை அந்த மெஷின் பார்க்குதாமே. அப்ப நீ என்னடா பார்க்கிற?"

"மெஷினைப் பார்க்கிறேன் சித்தப்பா."

"எங்க ரயில்லயும் ஒருத்தன் இருந்தான். சிக்னல் தானா விழ ஆரம்பிச்ச பிறகும் அவனை அங்கேயே உட்கார வச்சிருந்தாங்க. விழுந்துச்சா இல்லையான்னு பார்க்க. பத்து வருஷம் பார்த்தான். நல்லாத் தூங்குவான், பாவம்."

மேசை முழுக்கச் சிரித்தது. எங்கள் ஐந்து பேரைத் தவிர. மிலென்கோ அவருடைய கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தான். அந்த நேரத்தில்தான் உரோஷின் போன் அடித்தது.

உரோஷ் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் தலையை நீட்டி மிலென்கோவையும் என்னையும் கூப்பிட்டான். முகம் வெளுத்துப் போயிருந்தது. விருந்தாளிகளின் கோட்டுகளைக் குவித்து வைத்திருந்த படுக்கையறைக்குள் மூவரும் போனோம். லைட்னர் பேசியதாகச் சொன்னான். ஹெர்மினே என்று ஒரு மூதாட்டி, வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்திகரிக்க மருத்துவமனைக்குப் போகிறவர். வேன் வந்து, அவர் கீழே இறங்குவதற்குள் போய்விட்டது. ஒரு தடவை இல்லை, அடுத்தடுத்து இரண்டு தடவை. முந்தின நாள் அவரைப் பக்கத்து வீட்டார் சமையலறைத் தரையில் கண்டு ஆம்புலன்ஸில் அனுப்பியிருக்கிறார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் இன்னும் சிலருக்கும் அந்த வாரம் இப்படியே நடந்திருக்கிறது. டிரைவர்களைக் கேட்டால் போன் கிளம்பச் சொன்னது, கிளம்பினோம் என்கிறார்களாம்.

மிலென்கோ பீரோவிலிருந்து மடிக்கணினியை எடுத்து, கோட்டுகளின் மேல் வைத்துத் திறந்தான். அன்று அவன் உட்காரக் கூடாது என்பதால் குனிந்து நின்றபடியே தேடினான். அந்த மாதிரி நேரத்தில் கூட அந்த முறையை விடவில்லை. நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. போன வாரம் போன ஒரு சின்ன மாற்றம். தேவையில்லாத ஒரு காத்திருப்பு நீக்கப்பட்டது, இதனால் வண்டிகள் தாமதமின்றிக் கிளம்பும் என்று மாப்பிள்ளை பணிவாகக் குறிப்பு எழுதியிருந்தான். கீழே, சரி பார்த்தவர் மிலென்கோ ரஞ்ஜெலோவிச் என்று இருந்தது.

நீக்கப்பட்ட வரிகள் சிவப்பில் தெரிந்தன. மூன்றே வரி. அதை நான் பார்த்த அந்தக் கணமே அடையாளம் கண்டுகொண்டேன். வேலை தொடங்கிய காலத்தில் மிலென்கோ கிராட்ஸுக்குப் போய் ஒரு வாரம் டிரைவர்களோடு வேனில் சுற்றியவன். கிழவர்கள் படியிறங்க எவ்வளவு நேரம் ஆகிறது, டிரைவர்கள் எப்படி அவசரப்படுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எழுதியது அது. நோயாளி இறங்கி வர நேரம் கொடுக்காமல், வேன் அலுவலகத்திலிருந்து ஒரு மனிதர் நோயாளிக்குப் போன் செய்து கேட்காமல், டிரைவரின் போன் அவனைக் கிளம்ப விடாது. அந்தக் காத்திருப்பு எத்தனை நீளம் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் பத்து நாள் நானும் அவனும் பேசாமல் இருந்தோம். அதைக் காவல் காக்க நான் எழுதி வைத்திருந்த சோதனைப் புரோகிராமையும், இனித் தேவையில்லை என்று அதே மாற்றத்தில் மாப்பிள்ளை எடுத்துவிட்டிருந்தான். அதற்கும் சரி என்று போயிருந்தது.

மிலென்கோ சிவப்பு வரிகளை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது நான் எழுதினது" என்றான்.

 பக்கத்து அறையில் ராடோமிர் சித்தப்பா வேறு ஏதோ கதை சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். மிலென்கோவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நானாக இருந்தால் சுவரில் முட்டியிருப்பேன். அவன் அந்த மூன்று வரிகளை மறுபடி உள்ளே வைத்தான், என் சோதனையை வைத்தான், ஓட்டிப் பார்த்தான், கிராட்ஸுக்கு அனுப்பினான். பிறகு, லைட்னரைக் கூப்பிடு என்றான்.

உரோஷ் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். குரலைத் தாழ்த்தி, "அண்ணே, மெஷின் பண்ணின தப்புன்னு சொல்லிடுங்க. பொய்யே இல்ல, அதுதான் எடுத்தது. அந்த மெஷினை வாங்கச் சொன்னதும் அவங்கதான். நமக்கு மேல விழாது" என்றான். நியாயமாகத்தான் பேசினான். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது, அதை மறைப்பானேன்.

போன் போனது. லைட்னர் எடுத்தார். மிலென்கோ தன் கரடுமுரடான ஆங்கிலத்தில், சாமான் பட்டியல் படிக்கிற குரலில் சொன்னான். மெஷின் எடுத்தது. நான் படிக்காமல் சரி என்று விட்டேன். படித்திருந்தால் நிறுத்தியிருப்பேன், ஏனென்றால் அதை எழுதியவனே நான்தான். இப்போது திரும்ப வைத்துவிட்டேன் என்று.  பிறகு லைட்னர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். உரோஷ் தன் கோட்டைக் குவியலிலிருந்து உருவிக்கொண்டு, விடைகூடப் பெறாமல் போய்விட்டான். மிலென்கோ சட்டையைச் சரிசெய்துகொண்டு விருந்தாளிகளிடம் திரும்பினான். கடைசி ஆள் போகும்வரை நின்றான் என்று வெரிட்சா பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு ஆபீஸில் மிலென்கோவை எல்லோரும் சாவு வீட்டுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஐந்தில் ஒன்று கழிந்தது என்று மற்ற மூவருக்கும் உள்ளூர நிம்மதி. எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவன் முன்பைவிட லேசாக இருந்தான், அதுதான் விசித்திரம். ஒரு நாள் காலை ரொட்டிக் கடை வரிசையில் நின்றபோது நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னாய், எங்கிருந்து வந்தது அவ்வளவு தைரியம் என்று.

அவன் வரிசையையே பார்த்துக்கொண்டு சொன்னான். "தைரியமெல்லாம் இல்ல யாத்ரங்கா. சொன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு நினைச்சேன். அனுப்பினா போதும்னு இருந்துச்சு. என் கையால எழுதினதை என் கையாலயே தூக்கிப் போட்டிருக்கேன், அது எனக்கு வலிக்கக்கூட இல்ல. இன்னும் அங்க உக்காந்து நான் என்ன பண்ண?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ஆசைப்பட்டுத் தவம் கிடக்கும் நாற்காலியை இவன் எச்சில் இலை மாதிரி தள்ளுகிறானே என்று. என் புரெக்கை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

டிசம்பரில் ஒரு காலை உரோஷ் எங்களைக் கூட்டினான். முடிவு வந்துவிட்டது. இருக்கப் போவது மிலென்கோ. கேட்டவுடன், சான்றிதழ் வாங்கிய மூவரில் ஒருவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது, அப்புறம்தான் கண் நிறைந்தது. உரோஷ் யாரையும் பார்க்காமல் விளக்கினான். லைட்னர் ஒரே ஒரு காரணம்தான் எழுதியிருந்தாராம். ஏதாவது நடந்தால் நான் கேட்கும்போது, 'நான்தான் செய்தேன்' என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் எனக்கு வேண்டும், மெஷினால் அதைச் சொல்ல முடியாது என்று.

கடைசியில் எங்கள் தொழிலில் மிஞ்சியது இதுதானா என்று எனக்குத் தோன்றியது. இத்தனை வருடப் படிப்பும் அனுபவமும் போய், பழியை ஏற்க ஒரு தலை. பெல்கிரேடுக்காரர் இதைப் பாடத்தில் சேர்த்திருக்கலாம்.

மிலென்கோ நாற்காலியில் இருந்து எழவில்லை. "எனக்கு வேண்டாம், யாத்ரங்காவுக்குக் குடு" என்றான். அவன் நேர்மையாகத்தான் சொன்னான், எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கழுத்தை நெரிக்கவும் தோன்றியது. உரோஷ் அது தன் கையில் இல்லை என்றான். பிறகு, வேண்டாம் என்றே எழுதிக் கொடுங்கள் அண்ணே, ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது என்றான். அந்த ஹெர்மினே அம்மாள் வீடு திரும்பியதிலிருந்து தினமும் வேன் நிறுவனத்துக்குப் போன் செய்து, என்னை விட்டுவிட்டுப் போனது யார், அந்த ஆளை லைனில் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்கள், திருப்பி அனுப்பிவிட்டார். பூங்கொத்து போனது, அதையும் வாங்கவில்லை. ஆள்தான் வேண்டுமாம்.

மிலென்கோவுக்கு ஜெர்மன் தெரியாது. அந்த அம்மாளுக்கு வேறு எதுவும் தெரியாது. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் வெளியே போய்விட்டார்கள். போனை மேசை மேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டோம். போனை எடுத்த அந்த அம்மாளிடம் நான் எங்களை அறிமுகம் செய்தேன். மிலென்கோ சொல்லச் சொன்னதைச் சொன்னேன், அது தன் தவறு, தான் படிக்காமல் விட்டுவிட்டதால் நடந்தது என்று.

 பிறகு ஹெர்மினே அம்மாள் ஆரம்பித்தார். நான் சின்ன வயதில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் கேட்ட அதே கிராட்ஸ் பேச்சு, அதே காரம். நான் மொழிபெயர்க்கும்போது முதலில் கொஞ்சம் பூசி மெழுகினேன். மிலென்கோ கண்டுபிடித்துவிட்டான். அவர் அவ்வளவு நேரம் பேசியதற்கு நான் ஒரு வரி சொன்னால் யாருக்கும் தெரியும்.

"மழுப்பாத" என்றான். "அவங்க சொல்றதை அப்படியே சொல்லு."

அதனால் அப்படியே சொன்னேன். "அப்ப நீதானா அது. படிக்கலைன்னு வாய் கூசாம சொல்றியே. நான் நாற்பது வருஷம் தபால் ஆபீஸ்ல உக்காந்தவ. படிக்காம ஒரு காகிதத்துல முத்திரை குத்தினதில்ல. அன்னிக்குக் குச்சியை ஊணிக்கிட்டு, பையை மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு படியா இறங்கி வந்தேன். வாசல்கிட்ட வந்தப்ப வண்டியோட பின்பக்கம் தெரியுது. கையைக் கையை ஆட்டினேன். போயிட்டான். செத்துப் போயிருப்பேன், அது போகட்டும், இந்த வயசுல அது எப்பவும் நடக்கிறதுதான்."

இங்கே அந்த அம்மாள் நிறுத்தினார்.  மீண்டும் பேசியபோது குரல் மாறியிருந்தது.

"அப்புறம் என் போன்ல ஒண்ணு வந்துச்சு. நோயாளி வரவில்லைன்னு. ரெண்டாவது நாளும் அதே. ஆஸ்பத்திரில கேட்டா அவங்க கிட்டயும் அதுதான் இருக்கு. நான் வரலையாம். நான் வந்தேன். என் வாழ்க்கையில போறேன்னு சொன்ன இடத்துக்கு நான் போகாம இருந்ததே இல்ல. நீ மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம், பூவும் வேணாம். நான் வந்தேன்னு எழுது."

நான் இதைச் சொல்லி முடித்துவிட்டு மிலென்கோவைப் பார்த்தேன். அவன் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது. உதடு நடுங்கியது. இத்தனை மாதங்களில் அந்த முகத்தில் ஏதோ ஒன்று நடந்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை. பழைய பயணங்கள் இருக்கும் இடத்துக்குத் தானே போய், அந்த அம்மாளின் பெயரைத் தேடி எடுத்தான். இரண்டு நாளும் அங்கே இருந்தன, வரவில்லை, வரவில்லை என்று. ஜெர்மனில் எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டான். நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அவன் ஒற்றை விரலால் தட்டினான், கண் மறைத்ததால் இரண்டு தடவை அழித்து எழுதினான். அந்த அம்மாள் லைனிலேயே காத்திருந்தார்.

"மாத்திட்டியா?" என்று கேட்டார்.

மாற்றிவிட்டான் என்றேன்.

"நீ சொல்லாத. அந்த ஆளைப் படிக்கச் சொல்லு. நான் கேக்கணும்."

மிலென்கோ திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், தனக்கு உச்சரிக்கத் தெரியாத அந்த மொழியில், விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து, சின்னப் பையன் மாதிரி படித்தான். ஹெர்மினே அம்மாள் வந்தார். வண்டி நிற்கவில்லை. பாதியில் குரல் உடைந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

"ரெண்டாவது நாள்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

அவன் அடுத்ததையும் படித்தான்.